மரத்திலிருந்து ‘கிளைம்’ பண்ணி இறங்கலாமா?

சொல் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

மேலே ஏறுவதைக் குறிக்கும் ‘கிளைம்’ என்ற ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். ‘ஏறு’ என்று மட்டும் பொருள் சொன்னால் அதைப் பாதிதான் சொன்னதாகும் என்பது அந்த வரி. மீதிப் பாதி எங்கே என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுவதையும் அந்தச் சொல்லுக்கும் அதன் உறவுக்காரர்களுக்கும் ஒதுக்கிவிட்டேன். (காப்பீட்டில் பணம் கேட்கும் ‘கிளெய்ம்’ வேறு சொல். அது இங்கே வராது.)

கேள்வி: எங்கள் பாடத்தில் ‘த பாய் கிளைம்ட் டவுன் த ட்ரீ’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. கிளைம் என்றால் ஏறுதல் என்றுதானே படித்தோம்? ‘கீழே ஏறினான்’ என்று எப்படிச் சொல்ல முடியும்? அச்சுப்பிழையா? (பத்தாம் வகுப்பு மாணவி)

வாக்கியம் சரிதான் அம்மா. ஆனால் உங்களுக்கு வந்தது நல்ல சந்தேகம். பெரும்பாலான ஆங்கிலம்-தமிழ் அகராதிகள் ‘ஏறு’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுகின்றன. அகராதிகளின் அச்சுப்படி திருத்துவது பல காலம் என் தொழிலாக இருந்தது. இந்தப் பதிவைக் கடக்கும்போதெல்லாம் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைப்பேன்.

ஒருவன் மரம் ஏறுவதைக் கூர்ந்து பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. உடம்பு மேலே போகிறது. அது போவதற்காகக் கையும் காலும் மரத்தைப் பற்றுகின்றன, அணைக்கின்றன, உந்துகின்றன. தமிழின் ‘ஏறு’ முதல் காரியத்தை மட்டும் பார்க்கிறது. மேல்நோக்கிப் போனால் ஏறுவது, கீழ்நோக்கி வந்தால் இறங்குவது. கைகால் என்ன செய்தது என்று அது கேட்பதில்லை. ‘கிளைம்’ இரண்டையும் பார்க்கிறது. மேலே போவது, கைகாலால் பற்றி முயன்று நகர்வது ஆகிய இரண்டில் ஒன்று இருந்தால்கூட அந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம். இரண்டுமே இல்லாத இடத்தில் அதற்கு வேலை இல்லை.

சார்ல்ஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1982-இல் எழுதிய கட்டுரையில் இதற்கு அழகான சோதனை ஒன்று வைத்திருக்கிறார். குரங்கு கொடிக்கம்பத்தில் ஏறினால் ‘கிளைம் அப்’, இறங்கினால் ‘கிளைம் டவுன்’. இரண்டும் சரி. இறங்கும்போதும் குரங்கு கைகாலால் பற்றித்தானே வருகிறது? இப்போது அதே கம்பத்தில் ஒரு நத்தையை விடுங்கள். நத்தை மேலே போனால் ‘கிளைம்’ என்று சொல்லலாம். பற்ற அதற்குக் கைகால் இல்லை, ஆனாலும் மேலே போகிறது, ஒரு நிபந்தனை நிறைவேறிவிட்டது. அந்த நத்தை இறங்கினால்? ‘கிளைம் டவுன்’ என்று எழுதினால் ஆங்கிலேயர் முகம் சுளிப்பார். மேல்நோக்கும் இல்லை, கைகாலும் இல்லை. 1985-இல் ரே ஜாக்கென்டாஃப் என்ற இன்னொரு மொழியியலாளர் இந்த ஒரு வினைச்சொல்லை நடுவில் வைத்தே தனியாக ஒரு கட்டுரை எழுதினார். சிறிய சொல்தான், ஆனால் அறிஞர்கள் அதற்குள் இவ்வளவு நேரம் செலவழித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

இந்தச் சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். விமானம் உயரப் பறந்தால் ‘கிளைம்’. வெப்பநிலை கூடினால், விலை கூடினால், மலைப்பாதை மேலே போனால், சூரியன் வானத்தில் உயர்ந்தால், எல்லாவற்றுக்கும் ‘கிளைம்’ பொருந்தும். ஆனால் விமானமோ விலையோ வெப்பநிலையோ ‘கிளைம் டவுன்’ ஆகாது. அவற்றுக்குப் பற்றிக்கொள்ளக் கையில்லை. தேர்வில் ‘த ப்ரைஸ் கிளைம்ட் டவுன்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும். ‘ஃபெல்’, ‘கேம் டவுன்’, ‘ட்ராப்ட்’ என்று எழுதுங்கள்.

மறுபக்கம், உயரமே சம்பந்தப்படாத இடத்திலும் ‘கிளைம்’ வரும். தூங்கும் பைக்குள் உடம்பை நுழைத்துக்கொள்வது ‘கிளைம் இன்டு’. சிறிய காரின் பின் இருக்கையிலிருந்து முட்டியை மடக்கி, கையை ஊன்றி வெளியே வருவது ‘கிளைம் அவுட்’. ஜன்னல் வழியாக உள்ளே புகுவது ‘கிளைம் த்ரூ’. இவற்றில் உடம்பு படும் பாடுதான் சொல்லுக்கு விஷயம்.

ஏன் இப்படி என்பதற்கு வேரில் விடை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘கிளிம்பன்’. டச்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் ‘கிளிம்மன்’ என்று இதன் உடன்பிறப்புகள் உண்டு. இந்தச் சொற்களின் அடியில் இருப்பது ‘ஒட்டிக்கொள்’, ‘பற்றிக்கொள்’ என்ற பொருள் என்று கருதுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஒட்டியிரு’ என்று பொருள்படும் பழைய ‘கிளீவ்’ என்ற சொல் இதற்கு நெருங்கிய உறவு. (‘பிள’ என்று பொருள்படும் ‘கிளீவ்’ வேறு சொல். எழுத்தும் ஒலியும் ஒன்று, பொருள் நேர் எதிர்.) இன்னும் பின்னால் போனால் களிமண்ணைக் குறிக்கும் ‘கிளே’, பசையைக் குறிக்கும் ‘குளூ’ ஆகியவையும் இதே கூட்டத்தில் வந்து சேர்கின்றன. பற்றுவதுதான் ஆதிப்பொருள், உயரம் அதோடு சேர்ந்து வந்தது.

தமிழில் இதற்கு மிக நெருக்கமாக ஒரு வழக்கு இருக்கிறது. ‘தொற்றி ஏறினான்’ என்கிறோம், பேச்சில் ‘தொத்தி’. ஒட்டிக்கொள்ளும் நோயைத் தொற்றுநோய் என்பதும் அதே ‘தொற்று’தான். என் கையில் அகராதியைக் கொடுத்தால் ‘கிளைம்’ என்பதற்கு முதல் பொருளாக ‘பற்றி ஏறு, தொற்றி ஏறு’ என்று போடுவேன். ‘ஏறு’ இரண்டாவதாக வரட்டும்.

கேள்வி: அலுவலகத்தில் ‘ஐ கிளைம்ட் த பஸ்’ என்று எழுதியதை மேலதிகாரி அடித்துத் திருத்தினார். பஸ்ஸில் ஏறினேன் என்பதற்கு வேறென்ன எழுதுவது? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

‘ஐ காட் ஆன் த பஸ்’. ரயில், கப்பல், விமானம் எல்லாவற்றுக்கும் ‘கெட் ஆன்’. கொஞ்சம் மரியாதையான எழுத்தில் ‘போர்ட்’. காருக்கு மட்டும் ‘கெட் இன்’.

நீங்கள் எழுதியதை ஆங்கிலேயர் படித்தால், நீங்கள் பஸ்ஸின் வெளிப்புறத்தைப் பிடித்துக் கூரைமேல் ஏறினீர்கள் என்று நினைப்பார். முன் பதிலில் சொன்ன பற்றுதல்தான் இங்கே வந்து நிற்கிறது.

தமிழில் ‘ஏறு’ அவ்வளவு பரந்த சொல். வண்டியில் ஏறுகிறோம், மேடை ஏறுகிறோம். காய்ச்சல் ஏறுகிறது, விஷம் தலைக்கு ஏறுகிறது, துணியில் சாயம் ஏறுகிறது, போனில் சார்ஜ் ஏறுகிறது, படித்தது மண்டையில் ஏறவில்லை. இதில் எதையும் ‘கிளைம்’ கொண்டு மொழிபெயர்க்க முடியாது, காய்ச்சலின் அளவைத் தவிர. ஒரு மொழியின் ஒரு சொல் இன்னொரு மொழியில் பத்துச் சொற்களாகப் பிரிவது சாதாரணம். இந்தப் பிழையைச் செய்கிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாராவது கேலி செய்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். தாய்மொழியில் சரளமாகச் சிந்திக்கிறவர்கள்தான் இந்தப் பிழையைச் செய்வார்கள்.

கேள்வி: என் மகன் ‘கிளைம்ப்’ என்று கடைசி ‘பி’ எழுத்தை உச்சரிக்கிறான். ஒலிக்காத எழுத்தை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கிறான். என்ன சொல்வது? (ஒரு தந்தை)

ஒரு காலத்தில் அதை எல்லோரும் உச்சரித்தார்கள் என்று சொல்லுங்கள். உங்கள் மகன் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலேயரைப் போல உச்சரிக்கிறான்.

‘கிளிம்பன்’ என்ற பழைய வடிவத்தில் ‘ம்ப’ முழுதாக ஒலித்தது, நம் ‘கொம்பன்’ போல. காலப்போக்கில் ஆங்கில வினைச்சொற்கள் பின்னால் இருந்த விகுதியை இழந்தன. ‘அன்’ விகுதியின் ‘ன்’ உதிர்ந்தது, அதன்பின் மிஞ்சிய உயிரொலியும் உதிர்ந்தது. சொல்லின் கடைசியில் ‘பி’ தனியாக நின்றது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இந்த இடம் சட்டென்று விளங்கும். நம் மொழியில் வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்பதில்லை. கொம்பு, பாம்பு, வேம்பு என்று ஓர் உகரத்தைத் துணைக்கு வைத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்தத் துணை போய்விட்டது. வாயை மூடி ‘ம்’ சொன்ன பிறகு, அதே மூடிய உதட்டில் இன்னொரு ஒலியை வெடிக்கவிட உதட்டுக்கும் மூச்சுக்கும் பொறுமை இருக்கவில்லை. ஒலி போனது, எழுத்து நின்றது. ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் ‘லாம்’, சீப்பைக் குறிக்கும் ‘கோம்’, பேசாதவரைக் குறிக்கும் ‘டம்’ எல்லாவற்றுக்கும் இதே கதை.

அந்த ‘பி’ இன்னும் உயிரோடிருக்கும் இடமும் உண்டு. கைகாலை ஊன்றித் தட்டுத்தடுமாறி ஏறுவதை ‘கிளாம்பர்’ என்பார்கள். அதில் ‘ப’ தெளிவாகக் கேட்கும், பின்னால் உயிரொலி வருகிறதல்லவா? ‘பாம்’ என்னும் வெடிகுண்டில் ஒலிக்காத ‘பி’, ‘பம்பார்ட்’ என்னும்போது ஒலிக்கும். அப்படியானால் ‘கிளைமிங்’, ‘கிளைமர்’ ஆகியவற்றில் மட்டும் ஏன் ஒலிப்பதில்லை என்று உங்கள் மகன் அடுத்துக் கேட்பான். அவை ‘கிளைம்’ என்று ஏற்கெனவே தேய்ந்துபோன சொல்லோடு விகுதி சேர்த்துப் பேசப்படுபவை. அடிச்சொல் எப்படி ஒலிக்கிறதோ அப்படியே அவையும்.

அவனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள், இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கட்டைவிரலின் ‘தம்’, கைகாலின் ‘லிம்’, ரொட்டித்துகளின் ‘க்ரம்’ ஆகியவற்றிலும் கடைசியில் ‘பி’ எழுதுகிறோம். ஆனால் இவற்றின் பழைய வடிவங்களில் ‘பி’ இருந்ததே இல்லை. ‘லாம்’, ‘டம்’ போன்ற சொற்களைப் பார்த்து, இவற்றுக்கும் அது வேண்டும் என்று பிற்காலத்தில் எழுதுகிறவர்கள் சேர்த்தது. ஆக ஒலிக்காத ‘பி’ இரண்டு வகை. ஒன்று வாழ்ந்து மறைந்த ஒலியின் அடையாளம். மற்றது பிறக்கவே பிறக்காத ஒலிக்கு வைத்த எழுத்து. ‘கிளைம்’ முதல் வகை.

‘கிளிம்’ எப்படி ‘கிளைம்’ ஆனது என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் ‘எம்பி’, ‘என்டி’, ‘எல்டி’ ஆகிய இரட்டை மெய்களுக்கு முன்னால் வந்த குறில்கள் நெடிலாயின. பிறகு அந்த ‘ஈ’ ஒலி 15-ஆம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய பெரிய உயிரொலி மாற்றத்தில் ‘ஐ’ ஆனது. ‘ஃபைன்ட்’, ‘மைன்ட்’, ‘சைல்ட்’ எல்லாம் அதே வழியில் வந்தவை.

கேள்வி: பழைய ஆங்கிலக் கவிதையில் ‘குளோம்’ என்று ஒரு சொல் பார்த்தேன். ‘கிளைம்’ என்பதன் இறந்தகாலமா?

ஆம். ‘சிங், சாங், சங்’ போல உள்ளே உயிரெழுத்தை மாற்றி இறந்தகாலம் காட்டிய வினைகளில் இதுவும் ஒன்று. பிறகு ‘எட்’ சேர்க்கும் பெருங்கூட்டத்தோடு சேர்ந்து ‘கிளைம்ட்’ ஆகிவிட்டது. கவிஞர்கள் மட்டும் பழைய வடிவத்தை விடவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் மில்டனிடமும், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோல்ரிட்ஜிடமும் அதைப் பார்க்கலாம். இன்று நீங்கள் எழுதினால் பிழை.

கேள்வி: கிளைம் என்றால் ஏறுவது. கிளைமாக்ஸ் என்றால் கதை ஏறி நிற்கும் உச்சி. இரண்டும் ஒரே வேர் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? (திரைக்கதை எழுதப் பழகும் வாசகர்)

உண்மையில்லை. ஆனால் உங்கள் நண்பரின் காது நல்ல காது. ஒலியும் பொருளும் இவ்வளவு நெருங்கி வந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

‘கிளைமாக்ஸ்’ கிரேக்கச் சொல். அந்த மொழியில் அதற்கு ஏணி என்று பொருள். ‘சாய்’ என்று பொருள்படும் ‘கிளினெய்ன்’ என்ற வினையோடு சேர்ந்தது. சுவரில் சாய்த்து வைப்பதால் ஏணி. அந்த வினையைச் சுற்றி ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. சாய்ந்து படுக்கும் கட்டில் ‘கிளினே’, நோயாளியின் கட்டிலருகே நடக்கும் வைத்தியத்திலிருந்து ‘கிளினிக்’. சரிவு என்பது ‘கிளிமா’. பூமி நடுக்கோட்டிலிருந்து துருவத்தை நோக்கிச் சரிகிறது என்று எண்ணிய பண்டைய கிரேக்கர்கள் அந்தச் சரிவின் பட்டைகளுக்கு இட்ட பெயர் அது. பட்டைக்குப் பட்டை வெயிலும் குளிரும் மாறுவதால் பின்னாளில் ‘கிளைமேட்’ ஆயிற்று. லத்தீன் வழியாக வந்த ‘இன்க்ளைன்’, ‘டிக்ளைன்’ ஆகியவையும் இதே வேர்.

இப்போது வியப்பான இடத்துக்கு வருகிறேன். ஏணிக்கு ஆங்கிலத்தில் ‘லேடர்’ என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். கிரேக்கத்தில் ‘க’ என்று தொடங்கும் பல சொற்கள் ஜெர்மானிய மொழிகளில் (ஆங்கிலமும் அவற்றில் ஒன்று) ‘ஹ’ என்று தொடங்கும். ‘லேடர்’ என்பதன் பழைய ஆங்கில வடிவம் ‘ஹ்லேடர்’ என்பதுபோல் ‘ஹ’வில் தொடங்கியது, பிறகு அந்த ‘ஹ’ விழுந்துவிட்டது. ‘சாய்’ என்னும் ‘லீன்’ என்ற சொல்லுக்கும் அதே வரலாறு. ஆக ‘கிளைமாக்ஸ்’ என்ற சொல்லும் ‘லேடர்’ என்ற சொல்லும் உடன்பிறந்தவை, பார்த்தால் துளியும் தெரியாது. ‘கிளைம்’, ‘கிளைமாக்ஸ்’ இரண்டும் இரட்டையர் போல ஒலிக்கின்றன, இரத்த உறவே இல்லை. சொல்லாராய்ச்சியில் காதை நம்பக்கூடாது என்று பெரியவர்கள் வற்புறுத்தியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அதே சாய்தல் வேர் வடமொழியில் ‘ஸ்ரி’ என்ற தாதுவாக, அதாவது வினையடியாக, இருக்கிறது. ‘ஆச்ரயித்து நிற்பது’ என்று சொல்கிறோமே, ஒருவர்மேல் சாய்ந்து, சார்ந்து நிற்பது, அது இதிலிருந்து வந்தது.

திரைக்கதை எழுதுகிறீர்கள் என்பதால் இன்னொரு செய்தி. கிரேக்க, லத்தீன் அணி இலக்கணத்தில் ‘கிளைமாக்ஸ்’ என்பது உச்சியின் பெயர் அல்ல. ஒரு தொடரின் கடைசிச் சொல்லை அடுத்த தொடரின் தொடக்கத்தில் எடுத்து, அதன் கடைசிச் சொல்லை அதற்கடுத்த தொடரில் எடுத்து, படிப்படியாகக் கருத்தை உயர்த்திக்கொண்டு போகும் முறைக்கு அந்தப் பெயர். நம் அந்தாதித் தொடையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முழு ஏணியின் பெயராக இருந்தது, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் மேல்படியின் பெயராகச் சுருங்கத் தொடங்கியது. கடைசிக் காட்சியில் மட்டும் உழைக்கிறவர்கள் இந்தப் பழைய பொருளைத் தெரிந்துகொண்டால் நல்லது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு காட்சியும் முந்தையதைப் பற்றிக்கொண்டு ஏறினால்தான் உச்சி என்று ஒன்று இருக்கும்.

கேள்வி: மீனின் செதில் ‘ஸ்கேல்’. எடை பார்க்கும் தராசு ‘ஸ்கேல்’. கோடு போடுவதும் ‘ஸ்கேல்’. மலையேறுவதும் ‘ஸ்கேல்’. ஒரு சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள்? (மொழிபெயர்ப்பாளர் ஒருவர்)

ஒரு சொல் என்று எண்ணுவதால் மலைப்பு வருகிறது. மூன்று சொற்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கின்றன. நம் ‘ஆறு’ நதியாகவும் எண்ணாகவும் இருப்பதுபோல.

செதில் என்ற ‘ஸ்கேல்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அங்கே அதற்கு ஓடு, உமி என்று பொருள். தராசு என்ற ‘ஸ்கேல்’ வட ஐரோப்பிய நார்ஸ் மொழியின் ‘ஸ்கால்’, அதாவது கிண்ணம். தராசுத் தட்டு கிண்ணம்தானே? இந்த இரண்டும் மிகப் பழைய காலத்தில் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை, ‘ஷெல்’ என்ற சொல்லும் அவற்றோடு சேர்ந்தது.

மூன்றாவதுதான் நம் விஷயம். லத்தீனில் ‘ஸ்காலா’ என்றால் ஏணி, படிக்கட்டு. சுவரையோ மலையையோ ‘ஸ்கேல்’ செய்வது நேரடியாக இதிலிருந்து வந்தது. கோடு போடும் அளவுகோலும் இதுதான். சம இடைவெளியில் குறுக்குக் கோடுகள் போட்ட ஒரு குச்சியை நிமிர்த்திப் பிடியுங்கள், ஏணி தெரியும். வரைபடத்தின் ஸ்கேல், வெப்பமானியின் ஸ்கேல், சார்ல்ஸ் ரிக்டர் 1935-இல் வகுத்த நிலநடுக்க ஸ்கேல் எல்லாம் அந்தப் படிகளே. இசையில் சுரங்கள் படிப்படியாக ஏறி இறங்குவதும் ஸ்கேல். அதை நாம் ஆரோகணம், அவரோகணம் என்கிறோம். ஆரோகணம் என்றாலும் ஏறுதல்தான். இரண்டு இசை மரபுகள் ஒரே உவமையைத் தேர்ந்திருக்கின்றன.

இசை என்றதும் பலர் மிலான் நகரின் ‘லா ஸ்காலா’ அரங்கை நினைப்பார்கள். 1778-இல் திறந்த அந்த ஓபரா அரங்கின் பெயருக்கும் சுரங்களுக்கும் தொடர்பில்லை. அந்த இடத்தில் முன்பு இருந்த தேவாலயத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தேவாலயத்தின் பெயர் டெல்லா ஸ்காலா என்ற குடும்பத்துப் பெண்மணியிடமிருந்து வந்தது. அந்தக் குடும்பத்தின் சின்னம் ஏணி. சுற்றிச் சுற்றி ஏணிக்கே வருகிறது பாருங்கள்.

‘ஸ்காலா’வுக்கு அடியில் இருப்பது ‘ஏறு’ என்று பொருள்படும் ‘ஸ்கந்தெரே’ என்ற லத்தீன் வினை. ‘அசென்ட்’, ‘டிசென்ட்’, ‘ட்ரான்சென்ட்’ எல்லாம் அதன் பிள்ளைகள். ‘ஸ்கேன்’ என்பதும் அதுவே. லத்தீன் செய்யுளைச் சீர்சீராகப் பிரித்து, பாதம் ஏறி இறங்குவதைக் கணக்கிடுவதற்கு அந்த வினையைப் பயன்படுத்தினார்கள். நாம் வெண்பாவை அலகிடுகிறோமே, அதுதான் முதல் ‘ஸ்கேன்’. அப்படி வரிவரியாகக் கூர்ந்து பார்ப்பதிலிருந்து எதையும் நுணுக்கிப் பார்ப்பது என்ற பொருள் வந்தது, பிறகு மருத்துவமனைக் கருவிக்கு வந்து சேர்ந்தது.

இந்த லத்தீன் வினைக்கு வடமொழியில் ஓர் உறவு உண்டு. ‘ஸ்கந்த்’ என்ற தாது, ‘துள்ளு, பாய்’ என்று பொருள். ஸ்கந்தன் என்ற பெயரை அந்தத் தாதுவிலிருந்தே மரபு வருவிக்கிறது. கந்தன் என்று நாம் அன்றாடம் அழைக்கும் பெயரும், ஆங்கிலத்தின் ‘அசென்ட்’ என்ற சொல்லும் எங்கோ ஒரு பழைய வீட்டில் ஒன்றாக இருந்தவை. இதை முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி: ‘இந்தப் புகாரை எஸ்கலேட் பண்ணுகிறேன்’ என்கிறார்களே, எஸ்கலேட்டருக்கும் இதற்கும் சம்பந்தமா?

நேரடிச் சம்பந்தம். அதுவும் நீங்கள் எதிர்பார்க்கும் வரிசைக்கு நேர்மாறாக. வினையிலிருந்து கருவியின் பெயர் வரவில்லை, கருவியிலிருந்து வினை வந்தது.

நகரும் படிக்கட்டுக்கு ‘எஸ்கலேட்டர்’ என்று பெயரிட்டவர் சார்ல்ஸ் சீபெர்கர். ஏணி என்ற லத்தீன் சொல்லையும் ‘எலிவேட்டர்’ என்ற சொல்லின் வாலையும் இணைத்த பெயர். லிஃப்ட் தயாரிக்கும் ஓடிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் அதைக் காட்சிக்கு வைத்தார். அப்போது அது ஒரு வணிகப் பெயர், மற்றவர்கள் பயன்படுத்த முடியாது. மக்கள் எல்லா நகரும் படிக்கட்டுகளையும் அப்படியே அழைத்ததால் 1950-இல் அமெரிக்காவில் அந்த வணிக உரிமை பறிபோனது, பெயர் பொதுச்சொத்தாயிற்று. ‘எஸ்கலேட்’ என்ற வினை 1920-களில் அந்தக் கருவியின் பெயரிலிருந்து வெட்டி எடுத்தது. 1950-களின் இறுதியில், அணு ஆயுதப் பேச்சு நடந்த காலத்தில், சிறு மோதல் படிப்படியாகப் பெரும் போராவதைக் குறிக்கப் பரவலானது. உங்கள் புகார் ஒரு மேசையிலிருந்து மேல் மேசைக்குப் போவது அதற்கும் பின்னால் வந்தது.

ஏணி போட்டுக் கோட்டைமேல் ஏறித் தாக்குவதற்கு ‘எஸ்கலேட்’ என்று காதில் விழும் பழைய சொல் ஒன்று உண்டு, ஆங்கிலத்தில் கடைசி மெய் வேறு, escalate அல்ல escalade. 1602 டிசம்பர் 11-ஆம் நாள் இரவு சவாய் என்ற அண்டை நாட்டின் படையினர் ஏணிகளோடு ஜெனீவா மதிலில் ஏறித் தோற்றார்கள். அந்த நகரம் அந்த வெற்றியை ‘எஸ்கலாட்’ என்ற பெயரில் ஆண்டுதோறும் கொண்டாடுகிறது.

கேள்வி: தாவரப் பாடத்தில் கொடிகளை ‘கிளைமர்’ என்கிறார்கள். கைகால் இல்லாத கொடிக்கு அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

மிக நன்றாகவே பொருந்துகிறது. சார்ல்ஸ் டார்வின் 1865-இல் ஏறுகொடிகளைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வை வெளியிட்டார். உடல்நலமின்றி அறையில் அடைந்து கிடந்தபோது தொட்டியில் வைத்த ஹாப் கொடியின் நுனி எப்படிச் சுழல்கிறது என்று இரவும் பகலும் கவனித்திருக்கிறார். வெயில் நாட்களில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம். பற்றும் விதத்தை வைத்தே அவர் கொடிகளைப் பிரித்தார். தண்டால் சுற்றுபவை, இலைக்காம்பால் பிடிப்பவை, பற்றுக்கம்பி உள்ளவை, கொக்கி முள்ளால் மாட்டிக்கொள்பவை, சிறு வேர்களால் ஒட்டிக்கொள்பவை. ஐவி என்ற கொடியின் வேர்கள் சுவரில் பசையைச் சுரந்து ஒட்டுகின்றன. ‘கிளைம்’ என்ற சொல் பசைக்கு உறவு என்று மேலே சொன்னேன் அல்லவா? அதன் பழைய பொருளைக் கொடிகள்தான் சரியாகச் செய்து காட்டுகின்றன.

கேள்வி: செய்தித்தாளில் ‘கவர்ன்மென்ட் கிளைம்-டவுன்’ என்று தலைப்பு. ‘அரசு கீழே இறங்கியது’ என்றால் பொருந்தவில்லையே?

‘கீழே’ என்பதை எடுத்துவிடுங்கள். ‘அரசு இறங்கி வந்தது’. பிடிவாதத்தை விட்டு ஒத்துவருவதற்குத் தமிழில் காலங்காலமாக இருக்கும் வழக்கு அது. ஆங்கிலத்தில் இந்தப் பொருள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பெயர்ச்சொல்லாக எழுத்தில் வருகிறது. ‘ஸ்டெப் டவுன்’ என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது பதவி விலகுவது. தலைப்பு எழுதும் அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டால் ஓர் அமைச்சரை வேலையை விட்டே அனுப்பியதாக ஆகிவிடும். ஒரு சொல் கூடுதலாக எழுத இடமிருந்தால் ‘தன் நிலையிலிருந்து இறங்கி வந்தது’ என்று எழுதுங்கள், ஐயத்துக்கு இடமிருக்காது.